படிக்கட்டுக்கு அடியில் அத்தை

சண்டை போட ஆளில்லாமல் என்னைத் தனியே விட்டுப் போன என் அன்பு அத்தைக்கு,

முதலில் ஊர் வம்பு. செடெனாக் முழுக்க என்னைப் பற்றித்தான் பேச்சாம். மாமியார் படத்தை ஹாலிலிருந்து கழற்றிவிட்டாளாம். உண்மைதான் அத்தை, கழற்றினேன். உங்கள் மகன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். என் எடைக்கு ஏணி முனகியதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

வேறு என்ன செய்வேன்? மாமாவுக்கு மறதி முற்றிவிட்டது. காலையில் கோப்பி குடிக்க வருவார். மாலை போட்ட உங்கள் படத்தைப் பார்ப்பார். "ஐயோ, இவ எப்பம்மா போனா? என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?" என்று நெஞ்சில் அடித்துக்கொள்வார். சாயங்காலம் மறந்துவிடுவார். மறுநாள் காலை நீங்கள் புதிதாகச் செத்துப்போவீர்கள். ஒரு மனிதர் எத்தனை தடவைதான் பெண்டாட்டியைப் பறிகொடுப்பார்? உங்கள் மகன் விடியுமுன் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்கு ஓடிவிடுகிறார். ஆறுதல் சொல்லிச் சொல்லி என் நாக்குத் தேய்ந்துவிட்டது.

அதனால்தான் படிக்கட்டுக்கு அடியில் ரகசிய அறை. சுவரோடு சுவராகப் பலகை. கைப்பிடி கிடையாது, அழுத்தினால் திறக்கும். வேலை முடிந்ததும் தச்சர் கண்ணடித்து, "உள்ள தங்கமா அக்கா?" என்று மலாயில் கேட்டார். "இல்ல, மாமியார்" என்றேன். மனிதர் ரம்பத்தை மறந்துவிட்டு வண்டியேறினார்.

உங்கள் படம், சேலைகள், மூக்குக்கண்ணாடி எல்லாம் உள்ளே இருக்கின்றன. மாமா கேட்டால், "கடைக்குப் போயிருக்காங்க" என்பேன். "மெதுவா வரட்டும்" என்பார்.

வருடத் திதிக்குச் சிகாமட்டிலிருந்து உங்கள் மகள் வந்தாள். வந்ததும் ஆரம்பித்தாள்.

"எங்கம்மாவுக்கு ஒரு ஆணி அடிக்க இடமில்லையா அண்ணி? ஸ்டோர் சாமானா அவங்க? படம் இன்னைக்கு ஹாலுக்கு வரணும், அவ்வளவுதான்!"

"உங்கப்பா மறுபடியும் அழுவாருலா. முதல்ல உள்ளயே கும்பிடுவோம், வா."

மாமா மேலே தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் உள்ளே நுழைந்தோம். பாதி நான் வெளியே நின்றேன். அவள்தான் இழுத்துக் கதவைச் சாத்தினாள். படையல் வைத்துச் சாம்பிராணி போட்டோம். புகை போக ஓட்டை வைக்க யாருக்கும் தோன்றவில்லை, அத்தை! பலகை இடுக்கு வழியாக ஹால் முழுக்கப் புகை.

படியில் மாமாவின் காலடி. எனக்கு உயிரே போய்விட்டது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமையா? உள்ள சாம்பிராணி போடுறியா?" என்றார் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து. வெள்ளிதோறும் நீங்கள் போடும் சாம்பிராணி அவருக்கு மறக்கவில்லை, அத்தை! நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். "முடிச்சிட்டு வா. நான் இங்கதான் இருக்கேன்."

அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதியைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! உங்கள் மகள் இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆணி வேணாம் அண்ணி."

உடம்பு அசந்து கிடக்கிறது அத்தை. ஆனாலும் ஒரு வாக்கு. இனி வெள்ளிதோறும் அந்தப் பொந்துக்குள் போய்ச் சாம்பிராணி போடுவேன். மூச்சு முட்டினாலும் இருமமாட்டேன். உங்கள் இருமல் எப்படி இருக்கும் என்று மாமாவுக்குத் தெரியும்.

உங்களை ஒளித்து வைத்திருக்கும்
உங்கள் மருமகள்,
செல்வி