வடவிளிம்பில் ஆறு மணி

கேனப், யூட்டா
மார்ச் 2

தங்கை லரூவுக்கு,

நாற்பது வருஷம் கழித்து அக்கா நினைப்பு வந்ததே, அதுவே பெரிசு. கோடையில் நாம் இரண்டு பேரும் கூடாரம் தூக்கிக்கொண்டு சயன், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்று பள்ளத்தாக்கையும் நடந்து பார்க்கலாம் என்கிறாய். எனக்கு எழுபத்து நாலு. ஒரு முழங்கால்தான் என் பேச்சைக் கேட்கிறது.

அதுவும் ஜூலையிலா? எங்கோ மலைமேல் பெய்கிற மழை, வெயில் காய்கிற பாறை இடுக்குக்குள் வெள்ளமாகிச் சுவர் மாதிரி எழுந்து வருமே, மறந்துவிட்டாயா? நீ இங்கே பிறந்தவள்தானே?

"போயிட்டு வாங்களேன் அத்தை, அவங்களாதான கூப்பிடறாங்க" என்கிறாள் மருமகள் ஜோலீன். அவளுக்கு என்ன தெரியும்? "காலையில ஆறு மணிக்கு கிராண்ட் கேன்யன் வடவிளிம்புக்கு வந்துடு, சேந்து இறங்கலாம்" என்று நாற்பது வருஷம் முன்னால் சொன்னவள் நீ. அம்மாவின் இரும்புச் சட்டியில் பீச் பழம் வேகவைத்து எடுத்துக்கொண்டு, பாதை தொடங்குமிடத்தில் மரம் மாதிரி நின்றேன். சட்டி ஆறியது. மனது ஆறவில்லை.

வெர்லா

ஃபிளாக்ஸ்டாஃப், அரிசோனா
மார்ச் 11

அக்கா,

ஜூன் முதல் வாரத்துக்கு மாற்றிவிட்டேன். போதுமா? உன் முழங்காலுக்கு ஊன்றுகோலும் வாங்கிவிட்டேன்.

அன்றைக்கு நான் வரவில்லை என்று யார் சொன்னது? ராத்திரியெல்லாம் வண்டியில் வந்து நின்றேன். நீதான் வரவில்லை. நான் டெலாயைக் கட்டிக்கொண்டு அரிசோனாவுக்குப் போன கோபம் உனக்கு. "ஏறு, உங்கக்கா வரமாட்டா" என்று அவர் வண்டியைத் திருப்பினார்.

இப்போது அவரும் போய்விட்டார். இந்த வீட்டில் என் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. வர மாட்டேன் என்றால் நேராக எழுதிவிடு. இனி கேட்க மாட்டேன்.

லரூ

கேனப்
மார்ச் 19

லரூ,

டெலாய் போன சேதியைக்கூட எனக்கு ஒரு வரி எழுதாதவள் நீ. அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பொய் மட்டும் எழுதாதே. ஆறு மணிக்கு நான் அங்கே இருந்தேன். கோடை வந்தால் எங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பார்கள், உங்கள் ஊரில் அதைத் தொட மாட்டார்கள். இது இங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். புதுப்பெண், புகுந்த ஊர்க் கணக்கில்தான் சொல்லியிருப்பாள் என்று உன் ஊர் ஆறுக்கு, எங்கள் கடிகாரத்தில் ஏழுக்கு வந்தேன். உனக்காகத்தான். என்ன கண்டேன்?

வெர்லா

ஃபிளாக்ஸ்டாஃப்
மார்ச் 26

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ யூட்டாக்காரி, உன் கடிகாரத்தைத்தான் பார்ப்பாய் என்று நான் உங்கள் ஊர் ஆறுக்கு, எங்கள் ஊர் ஐந்துக்கே வந்துவிட்டேன். ஒரு மணி நேரம் நின்றேன். ஆறாகப் போகும்போது கிளம்பினோம். வழியில் எதிரே ஒரு வண்டி வந்தது. அழுத கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இந்த முறை எத்தனை மணிக்கு வரட்டும்? எந்த ஊர் மணி?

லரூ

கேனப்
ஏப்ரல் 3

லரூ,

எதிரே வந்த வண்டி நீலம். ஓட்டியவள் நான். ஒரு வெள்ளை வண்டி வேகமாக வந்ததும் நினைவிருக்கிறது. ஓரம் ஒதுங்கி நான்தான் வழிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை மறந்தேன். ரொட்டி கரிந்தது. "என்ன ஆச்சு அத்தை?" என்று ஜோலீன் கேட்டாள். "ரெண்டு பைத்தியம்டி" என்றேன்.

நீ மணி எதுவும் எழுதாதே. முதல்நாள் பொழுது சாயுமுன் வடவிளிம்புக்கு வந்து கூடாரத்தை அடி. நானும் வந்துவிடுவேன். காலையில் முதலில் கண் விழிக்கிறவள் மற்றவளை எழுப்பினால் போதும்.

சட்டியைக் கொண்டு வருகிறேன். அம்மா செத்த அன்றைக்கு நீ அதைச் சோப்புப் போட்டுக் கழுவினாய். மறுபடி எண்ணெய் தேய்த்துப் பழக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

உன் அக்கா