ஓடையை மறித்த குருத்தோலை

மார்ச் 4, செவ்வாய்
கம்பெனிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஓடை முழுக்க எண்ணெய். நான் மீனுக்குப் புகை போடும் அடுப்பில் சிலந்தி குடித்தனம் நடத்துகிறது. "நாளைக்கு அடைச்சிடுவோம்" என்கிறான் அதிகாரி. அவனுடைய நாளை விடியவே விடியாது.

மார்ச் 6, வியாழன்
பெண்கள் கூடி ஓடை வாயில் குருத்தோலை கட்டிவிட்டோம். குழாய் அடைபடும்வரை ஒரு படகும் தாண்டக் கூடாது. ஊர்ச் சாமி பேரால் கட்டிய ஓலை; தாண்டினவன் குடும்பம் விளங்காது. கம்பெனிப் படகை ஓட்டுவது யார்? என் அருமைப் புருஷன் அயிபா! யெனகோவா நகரத்தில் இருப்பவனைப் போனில் பிடித்தேன்.

"நான் சர்ச்சுக்குப் போறவன்டி. ஓலைக்கெல்லாம் பயப்பட மாட்டேன், கிழிச்சிக்கிட்டு வருவேன்" என்றான். வேலை போய்விடும் என்ற பயம் அவனுக்கு. எனக்கு மட்டும் இல்லையா?

மார்ச் 8, சனி
மகா புத்திசாலிகள் நாங்கள்! சந்தைக்குப் போய்வராமலே ஓடையைக் கட்டிவிட்டோம். ஊரில் உப்பு தீர்ந்துவிட்டது. எங்கள் படகும் தாண்டக் கூடாதே! ஓலைக்கு முடிச்சுப் போட்ட இனாட்டிமி அக்காவே வாழைக்காய்க் குழம்பைத் துப்பினாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. போனில் சொன்னதும் அயிபா விழுந்து விழுந்து சிரித்தான். பாவி.

மார்ச் 9, ஞாயிறு
இன்றும் உப்பில்லை.

மார்ச் 11, செவ்வாய்
படகு வந்தது. "ஓட்டுடா, வெறும் ஓலைதானே!" என்று அதிகாரி எழுந்து நின்று கத்தினான். நான் கரை விளிம்புவரை ஓடினேன். தாண்டிட்டான்னா? அப்புறம் இவனோட எப்படிக் குடும்பம் நடத்துறது —

ஓலைக்குச் சற்று முன்னால் இன்ஜினை நிறுத்தினான் அயிபா. இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்து ஓலைக்கு மேலே வீசினான். உப்பு!

"படகுதானே தாண்டக் கூடாது? உப்பு தாண்டலாமில்ல, அக்கா?"

இனாட்டிமி அக்கா யோசித்தாள். "அது படகுல வரலையே, பறந்துதானே வந்துச்சு? தாண்டலாம்!"

கரையே சிரித்தது. "திரும்பிப் போனதும் உன் சீட்டைக் கிழிக்கிறேன்" என்றான் அதிகாரி.

மார்ச் 19, புதன்
எந்தப் படகோட்டியும் ஓலையைத் தாண்ட மறுத்துச் சரக்குப் படகுகள் வெளியே முடங்கிக் கிடக்க, கம்பெனி இறங்கி வந்தது. குழாயை அடைத்தார்கள். ஓலையை அவிழ்த்தோம். வேலை போன அயிபா பெட்டியோடு வீடு வந்தான். வயிறு முட்டச் சோறு போட்டேன்.

மே 24, சனி
வேறு வேலை கிடைக்காத அயிபா என்னையும் ஏற்றிக்கொண்டு மீன் பிடிக்கத் தோணி எடுத்தான். இன்ஜின்காரனுக்குத் துடுப்பு வருமா? தோணி நின்ற இடத்திலேயே சுற்றியது. "என்னய்யா, கிணறு தோண்டுறியா?" என்றேன். கரையில் ஒரே கேலி. எண்ணெய் நின்றும் ஓடை தேறவில்லை; வலையில் நாலு மீன், விரல் நீளம்தான். அயிபா அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டான். நான் துடுப்பை வாங்கிக்கொண்டேன்.