பதினேழாம் பாதையின் ஊற்று

மார்ச் 4, ஞாயிறு
காலையில் முப்பத்தொன்றாம் மலைப்பாதையின் திருத்தங்களை என் இணையதளத்தில் ஏற்றினேன். பாறைக்குப் பின்னால் வரும் திருப்பம் 640 மீட்டரா, 646ஆ என்று சந்தேகம். பழைய குறிப்பேட்டில் 646. அதையே போட்டேன். பிறகு, அந்தப் பக்கம் தேடுபொறியில் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க என் வாக்கியம் ஒன்றையே இட்டுத் தேடினேன்: 'வழுக்குப் பாறையில் இடது காலை முதலில் வைக்கவும்.'

வேறொரு தளம் வந்தது. அதே வாக்கியம். நான் இடறி விழுந்து கற்றுக்கொண்ட இடது கால் அது.

நாற்பத்தொரு மலைப்பாதைகளும் அங்கே இருக்கின்றன. ஓய்வு பெற்றபின் பதினோரு ஆண்டுகள் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்தது அத்தனையும். படங்களில் என் பெயர் இருந்த ஓரத்தை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். ஒன்பதாம் பாதைப் படத்தில் என் மனைவியின் குடை தெரிகிறது. அதை வெட்ட மறந்துவிட்டார்கள்.

மார்ச் 5
தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர்தான் எனக்குத் தளம் அமைத்துக் கொடுத்தவர். அவரிடம் போனேன்.

"ரைட் கிளிக்கை மூடி, காப்பி பண்ண முடியாம செஞ்சிடலாம் சார். படத்துக்கு நடுவுலயே உங்க பேரைப் போட்டுடலாம். ஆனா எடுக்கணும்னு வந்தவன் எப்படியும் எடுப்பான்."

"அப்ப எதுக்கு மூடணும்?"

"உங்களுக்குத் தூக்கம் வரும்ல."

மூடச் சொல்லிவிட்டு வந்தேன். தூக்கம் வரவில்லை.

மார்ச் 9
அந்தத் தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்திடம் பதிப்புரிமைப் புகார் கொடுக்கலாமாம். படிவம் எளிது. 'இது உங்களுடையது என்பதற்கு ஆதாரம்' என்ற கட்டத்தில் நின்றுவிட்டேன். பாதை எல்லோருக்கும் பொது. தூரத்தை யார் அளந்தாலும் ஒன்றுதான். நானே சந்தேகப்படுகிறேன், அவர்கள் ஏன் படமாட்டார்கள்?

அப்போதுதான் நீலக் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. நில அளவை அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கும் தீங்கில்லாத ஓரிடத்தில், இல்லாத ஓடை வளைவு ஒன்றை வரைந்து வைப்போம். 'பொய்ப்புள்ளி' என்போம். அது வேறொருவர் தாளில் வந்தால், எங்களிடமிருந்து எடுத்தது என்று தெரிந்துவிடும். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் தளத்திலும் ஒன்று வைத்தேன். நீலக் குறிப்பேட்டில் தேதியோடு இருக்கிறது: 'பாதை 17. 5.2 கி.மீ.யில் கிளை. இடப்பக்கம் 400 மீட்டரில் வற்றாத ஊற்று. (பொய்ப்புள்ளி.)'

அவர்கள் தளத்தைத் திறந்தேன். வற்றாத ஊற்று அங்கே இருந்தது. கைதட்டிவிட்டேன். உள்ளேயிருந்து இவள், "என்ன, லாட்டரி விழுந்துச்சா?" என்றாள்.

மார்ச் 10
விழுந்தது வேறு.

பதினேழில் ஏன் வைத்தேன்? மண்சரிவால் அது மூடிக் கிடந்தது. யாரும் போக மாட்டார்கள் என்று வைத்தேன். போன ஆண்டு பாதை திறந்துவிட்டது. 'மூடப்பட்டுள்ளது' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'திறந்துள்ளது' என்று போட்டது இந்தக் கைதான். நான்கு வரி கீழே அந்த ஊற்று இருந்ததைப் பார்க்கவில்லை. முப்பத்தாறு ஆண்டு சர்வேயர்!

என் பக்கத்தில் உடனே நீக்கினேன். என் தளத்துக்கு நாளுக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். அவர்களுடையதை நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாதையில் பதினோரு கிலோமீட்டருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

மார்ச் 12
திருட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், 'ஐயா, அங்கே ஊற்று இல்லை, தயவுசெய்து நீக்குங்கள்' என்று மட்டும் அவர்களுக்கு எழுதினேன். பதில்:

'எல்லாப் பாதைகளும் எங்கள் குழு நேரில் நடந்து அளந்தவை. ஊற்று இருப்பதை உறுதி செய்துள்ளோம். வீண்பழி தொடர்ந்தால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.'

நான் கற்பனை செய்த ஊற்றை உறுதி செய்திருக்கிறார்கள்! நீக்கினால் எங்கிருந்து எடுத்தார்கள் என்பது வெளியே வந்துவிடும். ஆகவே நீக்க மாட்டார்கள். சட்ட நடவடிக்கை என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து அந்தப் பதிலையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

மார்ச் 13
புகார் அனுப்பினேன். முடிவு தெரியப் பதினைந்து வேலைநாட்கள். ஆதாரக் கட்டத்தில் பொய்ப்புள்ளியைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அது வெளியே தெரிந்தால் என் வாசகர் கேட்பார்களே — இது பொய்யென்றால் மற்ற நாற்பதை எப்படி நம்புவது? பதினோரு ஆண்டும் ஒரே வரியில் போகும்.

இவளிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"திருட்டு அவன் பண்ணது. பொய் நீங்க பண்ணது. ரெண்டையும் சேர்த்துப் போட்டுக் குழப்பாதீங்க."

"எதும்மா பெரிசு?"

"அங்க தண்ணி தேடிப் போறவங்களக் கேளுங்க."

மார்ச் 15, வியாழன்
அவர்கள் தளத்தில் ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: 'ஞாயிறு காலை ஆறு பேர் பதினேழாம் பாதையில் போகிறோம். ஊற்று இருப்பதால் ஆளுக்கு ஒரு பாட்டில் போதும்தானே?'

கீழே பதில்: 'தாராளமாக!'

போதாது, ஊற்று இல்லை என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் காணவில்லை. மறுபடி எழுதினேன். என்னை உள்ளே வரவிடாமல் தடுத்துவிட்டார்கள். அந்த அம்மாவின் பெயர்கூட அங்கே இல்லை. எந்தப் பள்ளி? யாரிடம் கேட்பது?

மலையடி வனக் காவலருக்குப் போன் செய்தேன்.

"யார் வர்றாங்க போறாங்கன்னு நாங்க எழுதி வைக்கிறதில்ல சார். பலகை வைக்கணும்னா ஆபீஸ்ல மனு கொடுக்கணும். மூணு வாரம் ஆகும். ஆமா, ஊத்து இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதை எழுதினது நான்தாங்க."

"எதுக்கு சார்?" என்றார்.

எதுக்கு? என் எழுத்தை யாரும் எடுக்கக் கூடாதென்று. அவ்வளவுதானே? அதற்கு ஆறு உயிரா? கடவுளே, நான் என்ன பண்ணித் தொலச்சேன்.

மார்ச் 17
ஐந்து லிட்டர் கேன் நான்கு. முழங்கால் பட்டை. தொப்பி. இவளும் வருகிறாளாம். "நீங்க வழியில விழுந்தா யாரு தூக்குவா, உங்க பொய்ப்புள்ளியா?"

மார்ச் 18
வனச்சாலையில் பாதி மலை வரை வண்டி போகும். அங்கிருந்து கிளைக்கு 1.1 கி.மீ. காவலர் தாமாகவே வந்து இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டார்.

எட்டரைக்குக் கிளையில் உட்கார்ந்தோம். பத்து. பத்தரை. ஒருவேளை நாங்கள் வருமுன்பே தாண்டிப் போயிருந்தால்? காவலர் 400 மீட்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யாருமில்லை. பதினொன்றே காலுக்குக் குரல் கேட்டது. ஆறு பெண்கள், முகமெல்லாம் சிவந்து. எல்லாருடைய பாட்டிலும் காலி. கடைசியாக வந்த அம்மா வேர்வையே இல்லாமல், வெளிறிப் போய், ஒருத்தி தோளைப் பிடித்தபடி வந்தார்.

"என்ன பெரியவரே, ஊத்துக்குக் காவலா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

எழுந்து நின்றேன். முதலில் தண்ணீரைக் கொடுத்தேன். குடித்து முடித்த பிறகுதான் சொன்னேன். பயத்தில் வரிசை மாறி, அலுவலக வழக்கத்திலிருந்து தொடங்கி நீட்டி முழக்கினேன். ஆசிரியை அந்த வெளிறிய அம்மாவைக் காட்டி இடையிலேயே நிறுத்தினார்.

"ஐயா, இவங்களுக்குச் சர்க்கரை. நீங்க இன்னைக்கு வரலன்னா?"

காலி பாட்டில்களை வாங்கி நிரப்பினேன்.

அந்த அம்மாவை எங்கள் வண்டியில் கீழே கொண்டுவந்தோம். வழியில் இவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மார்ச் 19
என் தளத்தின் முகப்பில், எல்லாவற்றுக்கும் மேலே எழுதிவிட்டேன்: 'பதினேழாம் பாதையில் ஊற்று இல்லை. திருடரைப் பிடிக்க நான் எழுதிய பொய் அது. மற்ற நாற்பதிலும் அப்படி எதுவும் இல்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், தண்ணீர் எடுத்துச் செல்லவும்.'

ரைட் கிளிக்கைத் திறந்துவிடச் சொன்னேன். இந்த வரியையாவது யாராவது எடுத்துப் போடட்டும்.

ஏப்ரல் 6
புகார் ஏற்கப்பட்டது. அந்தத் தளத்தில் நாற்பத்தொரு பக்கங்களும் போய்விட்டன. ஜெயித்துவிட்டேனாம். கம்ப்யூட்டர்க்காரர் கைகுலுக்கினார்.

ஏப்ரல் 9
தேடுபொறியில் அந்த ஊற்றைத் தேடிப் பார்த்தேன். அவர்களிடமிருந்து எடுத்தவர்கள் மூன்று பேர். ஒருவர் 'குளிர்ந்த, சுவையான' என்று சேர்த்திருக்கிறார்.

மூன்று புகார் எழுதினேன்.

ஏப்ரல் 14
நான் கொடுத்த பலகை மனு இன்னும் வன அலுவலக மேசையில் இருக்கிறதாம். நானும் காவலரும் கிளையிலிருந்து இடப்பக்கம் 400 மீட்டரைச் சக்கரத்தால் அளந்து, ஊற்று இருக்க வேண்டிய பாறை நிழலில் ஒரு கேன் வைத்தோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்ப்பதாக ஏற்பாடு.

ஏப்ரல் 21
கேன் தொடாமல் இருந்தது. தண்ணீரை மாற்றி வைத்தேன். அன்று முழுவதும் நிம்மதி.

ஏப்ரல் 28
கேன் காலி. மூடியைத் திருகி ஒழுங்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஒருவர் குடித்தாரா, ஆறு பேரா, போதுமானதாக இருந்ததா — காலிக் கேனைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாறையைச் சுற்றிக் கொஞ்ச தூரம் தேடினேன். யாருமில்லை.

இரண்டு கேன் வைத்துவிட்டு வந்தேன்.