பூட்டுப் போடாத போன்

ஜூன் 8, சனி

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருகிற என் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு என் மகள் வாலு அவள் அம்மா வீட்டிலிருந்து பையோடு படியேறி வந்தாள். பதிமூன்று வயதாகிறது, இன்னும் இரண்டிரண்டு படியாகத்தான் தாவுகிறாள்.

மத்தியானம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். "அது நீளம்ப்பா. சித்தப்பா வேற மாதிரி சொல்லிக்குடுத்தாங்க" என்றாள்.

சித்தப்பா. போன மாதம் வரைக்கும் அங்கிள். யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவள் அம்மாவா, அவனேவா, இவளுக்கே தோன்றியதா? அந்தச் சொல்லில் பாதி அப்பா இருக்கிறான். மீதிப் பாதியையும் எப்போது எடுத்துக்கொள்வானோ.

அவள் அம்மாவின் இரண்டாவது கணவனுக்கு நான் வைத்திருக்கிற பெயர் சட்டாம்பிள்ளை. பஸ் டிப்போவில் வண்டி வருகிற நேரம், போகிற நேரம் குறிக்கிற வேலை. வீட்டிலும் அதையேதான் செய்கிறான் போல. எட்டு மணியானால் எல்லாருடைய போனும் ஹாலில் ஒரு பெட்டிக்குள் போய்விட வேண்டுமாம். வாலுவுக்குத் தனிப் போனே கிடையாது. "எரிச்சலா இல்லையாடி?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள்.

இல்லை என்று சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

என் போன் ரிப்பேர் கடைக்கு ஒரு அம்மா வந்தார். மகனுக்கு வாங்கிய போனில் "பசங்களுக்கு ஏத்த மாதிரி எல்லாம் பூட்டிக் குடுங்க தம்பி" என்றார். பூட்டினேன். புதிதாக எது இறக்கினாலும், இறக்கலாமா என்று அம்மா போனுக்குக் கேள்வி வரும். முகம் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. விளையாட்டில் அரட்டை மூடல். வழக்கமாகச் சொல்வதையும் சொன்னேன்: "பூட்டு பாதிதாம்மா. மீதி நீங்க பக்கத்துல உக்காந்து பேசறது."

இந்த மாதத்தில் இது ஒன்பதாவது போன். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

ஜூன் 14, வெள்ளி

யாரோ சரி செய்யக் கொடுத்துவிட்டு வருஷமாகியும் வாங்க வராத போன் ஒன்று. புது டிஸ்ப்ளே போட்டேன், பேட்டரி மாற்றினேன், சார்ஜ் போகிற இடத்தில் கை நடுங்காமல் பற்றவைத்தேன். வாலுவுக்கு.

பூட்டு எதுவும் போடவில்லை.

மறதி இல்லை. விரல் அந்த இடம் வரைக்கும் போனது, எடுத்துக்கொண்டேன். அங்கே பெட்டி, நேரம், கேள்வி. இங்கே எதுவும் இல்லை. எந்த வீடு பிடிக்கும் என்று அவளே தீர்மானிக்கட்டும்.

ஜூன் 22, சனி

கொடுத்தேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இப்படிக் கட்டிக்கொண்டு எத்தனை நாளாகிறது.

"அம்மாகிட்ட சொல்லணுமாப்பா?"

"நமக்குள்ளயே இருக்கட்டும்."

சொன்ன மறு நிமிஷமே தப்போ என்று தோன்றியது. ஆனால் அவள் சிரித்த சிரிப்பு — அந்தச் சிரிப்பை அவன் எந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தும் வாங்க முடியாது.

ஜூன் 26, புதன்

இன்று மட்டும் பதினான்கு செய்திகள். அவன் மூக்குக்குக் கீழேயே, அவன் வீட்டுக்குள் உட்கார்ந்து என்னோடு பேசுகிறாள். ஒரு நல்ல மனிதன் இதற்குச் சந்தோஷப்பட மாட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 6, சனி

வந்ததிலிருந்து போனும் கையுமாகவே இருக்கிறாள். ஏதோ வீடு கட்டுகிற விளையாட்டு. அதில் "ஒரு அக்கா" பழக்கமாம். கல்லூரியில் படிக்கிறாளாம், ரொம்ப நல்லவளாம். வாலு வரைந்த படங்களையெல்லாம் பாராட்டுகிறாளாம்.

என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே திரையைப் பார்த்து ஒரு புன்னகை. சட்டாம்பிள்ளையை முந்தலாம் என்று பார்த்தால் நடுவில் இது யார்?

யார் அந்த அக்கா, நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேள்வி கேட்பது அந்த வீட்டு வேலை. நான் கேட்காத அப்பா.

கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் — "அக்கா"ன்னு வர்றவங்க எல்லாம் அக்கா இல்லம்மான்னு. என் வீட்டுக்குள்ள வந்தப்ப எனக்கு வந்தது பயமில்ல, பொறாமை. அதுவும் ஒரு போன் மேல.

ஜூலை 20, சனி

வாலு வரவில்லை. "உடம்பு சரியில்ல, இந்த வாரம் வேண்டாம்" என்று அவள் அம்மாவிடமிருந்து செய்தி. நான்கு நாளாக வாலுவிடமிருந்தும் ஒரு வார்த்தை இல்லை.

உடம்பு சரியில்லையாம். எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகிறான், அதுதான்.

சாயங்காலம் அந்தத் தெரு வழியாக நடந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஜன்னல் திறந்திருந்தது. மேஜையில் வாலு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரில் அவன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தோள் குலுங்கியது.

சிரிக்கிறாள் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட ஜோக்கோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். 

ஜூலை 21, ஞாயிறு

அவள் சிரிக்கவில்லை.

அவன் இன்று கடைக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை பாதிக் கதவு திறந்து வைத்து மிச்ச வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து உள்ளே வந்தான். நான் வாலுவுக்குக் கொடுத்த போனை மேஜைக் கண்ணாடி மேல் வைத்தான்.

"நானா திறந்து பாக்கல. அவ காட்டினத மட்டும் பாத்தேன்."

அந்த அக்கா அக்கா இல்லை. ஒரு ஆள். மூன்று வாரம் நல்லபடியாகப் பேசியிருக்கிறான். பிறகு போட்டோ கேட்டிருக்கிறான். வாலு ஒன்று அனுப்பியிருக்கிறாள் — அனுப்பியிருக்கக் கூடாத ஒன்று. அதற்கப்புறம் மிரட்டல். இன்னும் அனுப்பு, இல்லையென்றால் உன் வகுப்பில் எல்லாருக்கும் இதை அனுப்புவேன் என்று. நான்கு நாள். நான்கு நாள் என் குழந்தை இதை ஒற்றையாக வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள்.

இதை எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுத வேண்டும். கேட்டு முடித்ததும் என் வாயிலிருந்து முதலில் வந்தது, "இப்ப எப்படி இருக்கா" இல்லை.

"உங்ககிட்ட ஏன் சொன்னா?"

அதுதான் கேட்டேன். அதுதாண்டா எனக்கு முதல்ல வந்துச்சு.

அவன் கோபப்படவில்லை. பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் கத்தியிருப்பேன். "தெரியலங்க. சாப்பிடாம இருந்தா, நான் சும்மா பக்கத்துல உக்காந்திருந்தேன்" என்றான். பிறகு, "எதையும் அழிக்கல. அந்த ஆளுக்குப் பதிலும் போடல. நாளைக்குப் போலீஸ்ல சைபர் பிரிவுக்குப் போறோம். அப்பாவும் வரணும்னு அவ சொன்னா."

தலையாட்டினேன். போகும்போது திரும்பி, "அவளை ஒண்ணும் கேட்டுடாதீங்க. அப்பா திட்டுவாரான்னு கேட்டு மூணு தடவை அழுதுட்டா" என்றான்.

நான் கொடுத்த போன். நான் சொன்ன "நமக்குள்ளயே இருக்கட்டும்." அந்த ஆள் அதே வார்த்தையைத்தான் அவளிடம் சொல்லியிருக்கிறான். அவன் போன பிறகு அந்தப் போனில் படித்தேன்.

ஜூலை 22, திங்கள்

பச்சை பெயிண்ட் அடித்த அறை, ஒரே பெஞ்ச். அவள் அம்மா, வாலு, அவன், கடைசியில் நான். வாலு அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த நிலைமையிலும் என் கண் அங்கேதான் போனது.

பெண் அதிகாரி நிதானமாகக் கேட்டார். "போன் யார் வாங்கிக் குடுத்தது?"

அவள் அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

"நான்தான் மேடம்."

"லாக் ஏதும் போடலையா? எப்படின்னு தெரியாதா?"

"தெரியும். என் தொழிலே அதான்."

எழுதுவதை நிறுத்தி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். 

"எல்லாம் என் தப்புதான்" என்று வாலு முனகினாள். அதிகாரி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தப்பு பண்ணினவன் வேற எங்கயோ உக்காந்திருக்கான்மா. நீ வாயைத் திறந்து சொன்ன பொண்ணு. பாதிப் பேர் சொல்லவே மாட்டாங்க."

வெளியே வந்ததும் அவள் அம்மா என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "ஜெயிச்சிட்டியா?"

ஆகஸ்ட் 3, சனி

வருவாளா என்று வாசலிலேயே நின்றேன். வந்தாள். ஒவ்வொரு படியாக ஏறினாள்.

நாள் பூராவும் படம் வரைந்தாள். நான் சம்பந்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "பூட்டுப் போடாதது மறதி இல்லடா. அங்க கிடைக்காதது உனக்கு இங்க கிடைக்கணும்னு வேணும்னே விட்டேன்."

"தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"நீ எப்பவும் அங்க என்ன பண்ணோம்னு கேப்ப. அப்புறம் அதைவிடப் பெருசா ஒண்ணு பண்ணுவ." பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள். "அதான் உன்கிட்ட சொல்ல முடியல. சொன்னா, தோத்துட்டோம்னு நீ அழுவியேன்னு இருந்துச்சு."

பதிமூன்று வயது. நான் அழாமல் இருக்க அவள் ஒற்றையாகப் பயந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அதிகாரி பேசினார். அந்த ஆளின் கணக்கை முடக்கிவிட்டார்கள். படம் எங்கேயும் பரவியதாகத் தெரியவில்லை. ஆள் இன்னும் சிக்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

டிப்போவுக்குப் போன் போட்டேன்.  "அங்க அவளுக்கு என்ன நேரமெல்லாம் வச்சிருக்கீங்க? இங்கயும் அதையே வைக்கலாம்னு" என்றேன்.

பஸ் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, "இப்ப எட்டரைங்க. அவ கேட்டா, மாத்தினோம். உங்களுக்கு வேற மாதிரி தோணினா சொல்லுங்க, பேசலாம்" என்றார்.

வைத்த பிறகும் எரிந்தது. அவரிடம் போய்க் கேட்கும்படி ஆயிற்றே என்று. எரியட்டும்.

ஆகஸ்ட் 31, சனி

வாலு பழைய டிஸ்ப்ளே ஒன்றைக் கழற்றிப் பழகிக்கொண்டிருந்தாள். திருகாணியைக் கீழே போட்டுத் தேடும் சாக்கில் மேஜைக்கு அடியிலிருந்து பேசினாள்.

"அப்பா, என் வகுப்புல ஒரு பொண்ணு. அவளுக்கும் யாரோ போட்டோ கேட்டு மெசேஜ் போடறாங்க. வீட்ல சொல்லப் பயப்படறா."

"ம்."

"சித்தப்பாகிட்ட கேட்டேன். அப்பாகிட்டக் கூட்டிட்டுப் போ, அவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்னாங்க. கூட்டிட்டு வரவா?"

முதலில் அங்கேதான் கேட்டிருக்கிறாள். நெஞ்சில் அந்தப் பழைய முள் ஒரு தரம் அசைந்தது. கையிலிருந்த வேலையை நிறுத்தாமல் அது அடங்கும் வரை இருந்தேன்.

"கூட்டிட்டு வா. அவ அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னும் சேர்ந்து யோசிப்போம்."

"திட்ட மாட்டியே?"

"மாட்டேன்."

திருகாணி கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வருகிறார்கள். அன்று நாலு மணிக்கு மேல் வேறு வேலை எதுவும் ஒத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பெண் வந்ததும் முதலில் உட்கார வைக்க வேண்டும். அவளாகப் பேசுகிற வரைக்கும் நான் பேசக் கூடாது.