பாஷாண ஊசி

1945 நவம்பர் 12, ஆவடி
இடது கண் இன்றும் ரத்தச் சிவப்பு. வெளிச்சம் பட்டால் எரிகிறது. மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளை ஒற்றைக் கண்ணால் திருத்தினேன். ராத்திரியெல்லாம் இருமல் வேறு. நாத்தனார் சொர்ணம், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியிடம் பால் வாங்கிவந்து கண்ணில் விடுகிறாள். இது ஐந்தாவது நாள். ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 19
இவர் கூட வர, பட்டணத்து லேடி டாக்டரிடம் போனேன். விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். வியாதி கண்ணில் இல்லையாம், ரத்தத்தில். ஈஸினோபில் என்று ஒரு வகை அணு அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறது. இருமலும் அதனால், கண் வீக்கமும் அதனால். பாஷாணம் சேர்ந்த ஊசி, வாரம் ஒன்றாக ஆறு. அடுத்த வாரம் செவ்வாய் தொடங்க வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வை போகலாம் என்றார்.
ஊசியின் பெயரைக் கேட்டதும் இவர் முகம் மாறிவிட்டது. ரயிலில் ஆவடி வரை ஒரு பேச்சு இல்லை.

நவம்பர் 20
பேசாமலே இருந்திருக்கலாம். ராணுவ டிப்போவில் குமாஸ்தா அல்லவா, எல்லாம் தெரியுமாம்.
"சோல்ஜருங்களுக்குப் போடற ஊசி அது. கண்ட ஊட்டுக்குப் போய் சீக்கு வாங்கினு வந்தவனுக்குப் போடறது. உனக்கு எதுக்குடி?"
ஒரே மருந்து இரண்டு வியாதிக்குக் கேட்கும் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில்தானே நின்றார்? கேட்டேன். "அந்தம்மா உன்ன உட்டுக்குடுக்குமா?" என்கிறார். பதினோரு வருஷம் சோறு போட்டிருக்கிறேன் இந்த மனுஷனுக்கு.

நவம்பர் 22
சொர்ணம் என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள்.

நவம்பர் 27
ஊசி நாள். இவர் விடவில்லை. "போனா திரும்பி இந்த ஊட்டுக்குள்ள காலு வெக்காத."
இடது கண்ணுக்குக் காலண்டரில் தேதி தெரியவில்லை. வெறும் கறுப்புத் திட்டு. மானம் போகுமாம். யார் மானம்? குருடி ஆகப்போறது நானு, மானம் மட்டும் மணவாளனுதா? — புருஷன் பெயரை எழுதிவிட்டேன். எழுதினால் என்ன?

நவம்பர் 28, அம்பத்தூர்
காலை ரயிலில் தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டேன். கை கனக்கிறது, வாயெல்லாம் கசப்பு. வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூட ஆயா எல்லம்மா வீட்டில் இருக்கிறேன். "இன்னா ஊசியா இருந்தா இன்னாக்கா? கண்ணு தெரிஞ்சா போதும். வா, வந்து துன்னு" என்றாள். அதற்குத்தான் அழுதேன்.

1946 ஜனவரி 8
ஆறும் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் அவர் வந்து நின்றார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். சட்டையில் மேல் பொத்தான் இல்லாதது வரை தெரிந்தது. இறங்கிப் போனேன்.
"சரியாப் பூட்ச்சாமே. ஊட்டுக்கு வா. யாராச்சும் கேட்டா வேற ஊசின்னு சொல்லிக்கலாம்."
அந்த ஊசிதான் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பினேன்.