சவுக்காரம் வச்சு மூடுன விரிசல்

முருகன் துணை

நடுக்கணக்கு, திம்புள்ள
12.11.1957

அன்புள்ள மகன் முத்துலிங்கத்துக்கு அம்மா எழுதுறது. கொழும்புல நீ நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தெனமும் வெளக்கு வைக்கிறப்ப கேக்குறேன், கோவத்துலயும் கேக்கத்தான் செய்றேன். இங்க நாங்க எல்லாரும் உசுரோட இருக்கோம், அது எப்பேர்ப்பட்ட விசயம்னு கீழ படிச்சா வெளங்கும். தங்கச்சிக்கு மலையில கொழுந்தெடுக்கப் பேர் பதிஞ்சாச்சு. மழ விடவே இல்ல. உங்கப்பா எழுத மாட்டாரு, அதனால நான் எழுதுறேன்.

போன மாசம் லீவுல வந்தப்ப, அப்பா ஓட்டுற தோட்டத்து லொறியச் சுத்தம் பண்றேன்னு இஞ்சின்கிட்ட பெட்ரோல் தங்குற சின்னக் கண்ணாடிக் கோப்பையக் கழட்டுனியே, நெனப்பு இருக்கா? நடுவுல ஓடி வந்து எங்கிட்ட ஒரு துண்டு சவுக்காரம் கேட்ட. கை கழுவத்தான்னு வெட்டிக் குடுத்தேன். ரயிலுக்கு நேரமாச்சுன்னு சோறு கூடத் திங்காம ஓடிட்ட.

அடுத்த ஞாயித்துக்கிழம பொம்பளைங்க எல்லாரும் சாமான் வாங்க அந்த லொறியில டவுனுக்குப் போனோம். கிளீனர் அழகன் பொண்டாட்டி மீனம்மா கைப்புள்ளையோட எம்பக்கத்துல இருந்தா. ஏத்தத்துல பெட்ரோல் வாடை குப்புன்னு அடிச்சுச்சு. அப்பா நிப்பாட்டிட்டாரு. அழகன் எறங்கி இஞ்சின் மூடியத் தூக்குனா, கண்ணாடிக் கோப்பை பொளந்து பெட்ரோல் கொதிக்கிற பொகக் குழாய் மேல சொட்டிக்கிட்டு இருக்கு. அவன் யோசிக்கவே இல்ல, வெறுங்கைய உள்ள விட்டுச் சொட்டுறத ஏந்திக்கிட்டான். அப்பா அடியில பூந்து டாங்கிக் குழாய மூடுற வரைக்கும் கைய எடுக்கல. பொறங்கை குழாய்ல ஒட்டித் தோல் உரிஞ்சு வந்துச்சு. தீப் புடிச்சிருந்தா, பின்பலகைய மாட்டி வச்ச லொறியில இருந்து நாங்க ஒருத்தரும் குதிச்சிருக்க முடியாது. அப்பா அந்தக் கோப்பையத் தொடைச்சப்ப விரிசல்ல மஞ்சச் சவுக்காரம் அப்பியிருந்துச்சு. அவரு என்னைப் பாத்தாரு, நான் அவரப் பாத்தேன்.

மறுநாள் பேக்டரிக்குப் பின்னால கெடக்குற ஓடாத லொறியில இருந்து வேற கோப்பை கழட்டப் போனாரு. அழகன் கையில கட்டு, அதனால நாந்தான் தொணைக்குப் போனேன். அடியில இருக்குற திருகாணிய ரெண்டு வெரலாலதான் தளத்துனாரு. கோப்பையத் தாங்குற கம்பிய ஒதுக்கியும் அது வரல, மேல இருக்குற தக்கை வளையத்தோட ஒட்டிக்கிச்சு. ஒரு தட்டு தட்டுங்களேன்னேன், மொறைச்சாரு. சுடுதண்ணியில துணிய நனைச்சுக் கோப்பையச் சுத்தி வச்சுட்டுத் தள்ளிப் போயி ஒரு பீடி குடிச்சாரு. அப்பறம் மூங்கில் சீவலத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மெதுவா ஓட்டி, உள்ளங்கையில புடிச்சு இப்படியும் அப்படியும் திருப்புனாரு. நான் விரிச்சுப் புடிச்ச துண்டுல முட்டையாட்டம் வந்து விழுந்துச்சு. குறடு எடுக்கல, ஆணி திருகுற சாவியும் எடுக்கல. இதெல்லாம் பயலுக்கும் தெரியும், அவசரத்துல சாவியால தட்டியிருப்பான்னு அவரே சொன்னாரு.

தட்டுனது போகட்டும், கண்ணாடி உடையிற சாமான்தான். உடைஞ்சுச்சுப்பான்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாய் இல்லையா? அம்மா அப்பன் போற வண்டியில சவுக்காரத்த அப்பிட்டுப் போக எப்படிடா மனசு வந்துச்சு?

இன்னும் கேளு. கோப்பையப் பாத்துக்குறது கிளீனர் வேலைதான்னு தொரை அழகனுக்கு வேலைய விட்டு நிப்பாட்டுற பத்துச்சீட்டு எழுதச் சொல்லிட்டாரு. வேலையும் போயி, லயத்துல குடியிருக்குற காம்பிராவையும் காலி பண்ணணும். கையில கட்டோட அவன் சட்டி பானைய மூட்ட கட்ட ஆரம்பிச்சான். நான் அப்பாகிட்ட உண்மையச் சொல்லுங்கன்னேன். சும்மா இரு காளியாயி, பய பேரு கெட்டா தை மாசம் அவனுக்குத் தர்றேன்னு சொன்ன பேக்டரி பிட்டர் வேல போயிரும்னாரு. ராவெல்லாம் மீனம்மா அழுவுறது செவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு.

விடியவும் வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுக்களத்துல அத்தன பேரு முன்னால தொரைகிட்ட நாஞ் சொல்லிட்டேன். அழகன் உடைக்கல தொரை, நான் பெத்தவன் உடைச்சான், நான் குடுத்த சவுக்காரத்தாலயே மூடி வச்சுட்டுப் போயிட்டான்னு. தொரை உங்கப்பாவப் பாத்தாரு. அவரு தலப்பாவ அவுத்துக் கையில புடிச்சுக்கிட்டு, ஆமாங்க தொரைன்னு மண்ணப் பாத்துச் சொன்னாரு. இருவத்தி ரெண்டு வருசமா அந்த மனுசன் யாரு முன்னாலயும் அப்படி நின்னு நான் பாத்ததில்ல.

அழகனுக்கு எழுதுன சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டாங்க, அவன் வேல தப்பிச்சுச்சு. பிட்டர் வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அப்பா அன்னைக்கிருந்து எங்கிட்டப் பேசுறதில்ல, போட்ட சோத்தத் தின்னுட்டு எந்திரிச்சுப் போறாரு. நீயும் பேசாம இருந்தா இருந்துக்க. ஒன் வேலயக் கெடுத்தவ நாந்தான். திரும்ப அப்படியே நடந்தாலும் கெடுப்பேன்.

சனிக்கிழம எண்ண தேச்சுக் குளி, கண்ட கடையில திங்காத. மகமாயி ஒன்னையக் காப்பாத்துவா. பொங்கலுக்குக் கட்டாயம் வா. வந்தா மொதல்ல அழகன் காம்பிராவுக்குப் போ, அவன் கையப் பாரு, மீனம்மா மூஞ்சியப் பாத்து நாந்தான் உடைச்சேன்னு ஒன் வாயால சொல்லு. அதுக்கப்பறம் நம்ம வாசலுக்கு வா, சோறு ஆக்கி வச்சிருப்பேன்.

இப்படிக்கு,
உன்னப் பெத்தவ
சோ. காளியாயி