ஐந்தாவது பூச்சு

மாமா,

1934 மார்ச் 11, ஞாயிறு, காலை ஏழரை மணி. உங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறேன். அலமாரிக்கு ஐந்தாவது பூச்சு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தாயிற்று. கையெல்லாம் அந்த வாடை. மூன்று பூச்சே போதும். மீதி இரண்டுக்கும் மரம் காரணமில்லை.

மலாக்கா ஏலத்தில் இதை நீங்கள் எடுத்தபோது நானும் நின்றிருந்தேன். டச்சுக்காரர் காலத்துத் தேக்கு. மேலே கறுப்புச் சாயம், ஒரு காலைக் கரையான் தின்றிருந்தது. லாரியில் ஏற்றினால் உதிர்ந்துவிடும் என்றேன்.

"நீ எதுக்குடா இருக்க? படிச்சிட்டு வந்து சரி பண்ணு. உன் வீட்டுக்குத்தானே வரப்போவுது."

லாரிக்காரன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சீர் இந்த அலமாரி, பெண் உங்கள் மகள், மாப்பிள்ளை நான் என்று அன்றே முடித்துவிட்டீர்கள். கோலாலம்பூர் தொழிற்பள்ளிக்கு என்னை அனுப்பியவரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

உங்கள் வருஷத் திதி முடிந்ததும் அத்தை சொன்னார்: "அலமாரி ஆனதும் நாள் பாத்துடலாம் தம்பி."

சாயத்தைச் சுரண்டினேன். பூச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்து பளபளக்கும். வார்னிஷுக்கு ஒரு நாள். ஆளிவிதை எண்ணெய்க்கு, இந்த ஊர் ஈரத்தில், ஒவ்வொரு பூச்சுக்கும் இரண்டு வாரம். எதற்கும் காத்திருக்கத் தெரியாத நான் எண்ணெயை எடுத்தேன். பழைய மரம், மெதுவாகத்தான் குடிக்கும் என்று அத்தையிடம் விளக்கம் வேறு.

ஞாயிறுதோறும் அதே கேள்வி. "காஞ்சிடுச்சா தம்பி?"

"இன்னும் இல்ல அத்தை."

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "மாப்பிள்ளையவிட அலமாரிக்குத்தான் எண்ணெய்க் குளியல் லா" என்று மலாய் இழுப்போடு சொல்வார்.

சற்றுமுன் உங்கள் மகள் காப்பி கொண்டுவந்தாள். "நாலாவது பூச்சு போன வாரமே காஞ்சிடுச்சு அத்தான். தொட்டுப் பாத்தேன்."

நான் துணியை மடித்தேன்.

"அம்மாகிட்ட சொல்லல," என்றாள். பிறகு, "ஆறாவது உண்டா?"

"உனக்கு வேணுமா?"

"வேணும். எத்தனை பூச முடியுமோ, அத்தனை."

எங்களை இந்த அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டீர்கள், மாமா. உள்ளே அவளும் இருக்கிறாள் என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது.

புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்தபோது சிக்னல் நெம்புகோலை இழுத்துக்கொண்டே சொல்வீர்கள்: "சிக்னல் கை ஏறணும், இல்ல இறங்கணும். பாதியில நின்னா டிரைவர் என்னடா செய்வான்?" உங்கள் வாக்கை மீறுவதற்கும் உங்கள் பேச்சுத்தான் என்னிடம் இருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியவை:

1. மேலே நிற்கும் எண்ணெயைத் துடைப்பது. ஆறாவது பூச்சு கிடையாது.
2. காய்ந்ததும், காய்ந்துவிட்டது என்று அத்தையிடம் சொல்வது.
3. கல்யாணம் வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்வது. எனக்கு வேண்டாம் என்று மட்டும். அவள் பெயரை இழுப்பதில்லை.
4. அலமாரி அவளுக்கே. அவள் எங்கே போனாலும் ஏற்றி இறக்கிக் கொடுப்பது என் வேலை.
5. "உங்க மாமா இருந்திருந்தா" என்று அத்தை ஆரம்பிப்பார். அவர் முடிக்கும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது.